சாவித்ரிபாய் புலே: பள்ளிக் கதவைத் திறந்தால் மட்டும் போதாது என்று காட்டிய புனே ஆசிரியை

ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. டேப்லெட் கொடுத்தாச்சு. எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியிருந்தும், வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம் போய்ச் சேர்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேடுபவர்கள் 175 ஆண்டுகளுக்கு முன்பு புனேவில் வாழ்ந்த ஓர் ஆசிரியையின் வாழ்க்கையை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

சாவித்ரிபாய் புலே. இந்தப் பெயரைக் கேட்டதும் பெண் கல்வியின் முன்னோடி என்ற ஒற்றை வரி நினைவுக்கு வரும். அஞ்சல்தலையில் பார்த்திருப்பீர்கள். புனே பல்கலைக்கழகத்துக்கு 2014-ல் அவர் பெயர் சூட்டப்பட்டதும் தெரிந்திருக்கும். ஆனால், பள்ளியைத் திறந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்றைய வகுப்பறைக்குத் தேவையான பாடம் அங்கேதான் இருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத மணப்பெண்

சாவித்ரிபாய் 1831 ஜனவரி 3 அன்று, இன்றைய மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் உள்ள நாய்காவ் கிராமத்தில் பிறந்தார். தந்தை கண்டோஜி நேவசே, தாய் லட்சுமி. பூ, காய்கறி பயிரிடும் மாலி சமூகத்துக் குடும்பம். அந்தக் காலத்து வழக்கப்படி 1840-ல், 9 வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை ஜோதிராவ் புலேவுக்கு 13 வயது.

புனேவுக்கு வந்தபோது சாவித்ரிபாய்க்கு எழுத்தறிவு கிடையாது. அவருக்காக எந்தப் பள்ளியும் திறந்திருக்கவில்லை. ஜோதிராவ் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் படித்தவர். அவர்தான் மனைவிக்கு வீட்டிலேயே எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஜோதிராவைத் தாய் இல்லாக் குறை தெரியாமல் வளர்த்த உறவுக்காரப் பெண் சகுணாபாயும் உடன் சேர்ந்து படித்தார்.

அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் முக்கியம். அகமத்நகரில் (இன்றைய அகில்யாநகர்) அமெரிக்க மிஷனரி சிந்தியா ஃபாரர் நடத்திய நிறுவனத்திலும், புனேவில் ஆசிரியர்களுக்கான நார்மல் பள்ளியிலும் சாவித்ரிபாய் பயிற்சி பெற்றதாக அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

இதைக் கொஞ்சம் கவனியுங்க. படிப்பில்லாத ஒரு பெண்ணுக்கு வீட்டிலேயே, அவருடைய வேகத்துக்கு ஏற்ப பாடம் நடந்தது. பிறகு முறையான பயிற்சியும் கிடைத்தது. பின்னாளில் அவர் மற்றவர்களுக்குச் செய்த எல்லாவற்றையும், முதலில் அவருக்கு யாரோ செய்திருக்கிறார்கள்.

1848: பிடே வாடாவில் வகுப்பு

1848-ல் புனேவின் புத்வார் பேட்டையில், தாத்யாசாகேப் பிடே என்பவரின் வீட்டில் பெண் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியது. சாவித்ரிபாய்க்கு அப்போது 17 வயது. வந்த மாணவிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தியாவின் முதல் பெண்கள் பள்ளி இதுதான் என்று வாட்ஸ்ஆப்பில் நீங்கள் படித்திருக்கலாம். அது முழுக்கச் சரியல்ல. மிஷனரிகள் அதற்கு முன்பே பம்பாயிலும், நம்ம தரங்கம்பாடியிலும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள். ஆனால், இந்தியர்கள் தாங்களே முன்வந்து நடத்திய பெண்கள் பள்ளிகளில் இது மிக முந்தையவற்றில் ஒன்று. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்துப் பெண்ணே அதில் ஆசிரியராக நின்றதுதான் அன்றைய புனேவுக்குப் பெரிய அதிர்ச்சி.

புனே அப்போது எப்படிப்பட்ட ஊர் என்பதையும் நினைவில் வையுங்கள். பேஷ்வாக்களின் ஆட்சி 1818-ல்தான் முடிவுக்கு வந்திருந்தது. அடுத்த 30 ஆண்டுகளில் ஆட்சி மாறியிருந்தாலும், யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் எதைப் படிக்கலாம் என்ற கணக்கு பெரிதாக மாறவில்லை.

பள்ளி திறந்தாச்சு, பிள்ளைகள் ஏன் வரவில்லை?

பள்ளி என்பது ஒரு கட்டடம். அங்கே ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்து, பாடம் புரிந்து, அடுத்த நாளும் வரவேண்டும் என்றால் நடுவில் நிறைய தடைகள் இருக்கின்றன. புலே தம்பதி அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக எதிர்கொண்டார்கள்.

முதல் தடை, தெரு. பள்ளிக்கு நடந்து போகும் சாவித்ரிபாய் மீது சாணியும் மண்ணும் எறிந்தார்கள். அதனால் அவர் பையில் இன்னொரு புடவையை எடுத்துப் போவார், பள்ளிக்குப் போனதும் மாற்றிக்கொள்வார் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். இதைத் துணிச்சலின் கதையாக மட்டுமே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதில் ஒரு நடைமுறை அறிவும் இருக்கிறது. தெருவை ஒரே நாளில் மாற்ற முடியாது, அதற்காக வகுப்பு நின்றுவிடக் கூடாது. அதற்கு ஒரு மாற்றுப் புடவை உதவியது.

இரண்டாவது தடை, வறுமை. வயலிலோ வீட்டிலோ வேலை செய்யும் பிள்ளை பள்ளிக்கு வந்தால், அந்த வீட்டுக்கு ஒரு கை குறையும். பாதியில் நிற்கும் பிள்ளைகளைத் தக்கவைக்க சாவித்ரிபாய் சிறிய உதவித்தொகை கொடுத்தார் என்ற குறிப்பு அவர் பற்றிய நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1956-ல் காமராஜர் ஆட்சியில் விரிவான மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் எந்தக் கணக்கில் வந்தனவோ, அதே கணக்குதான் இது. பசித்த வயிறு பாடத்தைக் கேட்காது.

மூன்றாவது தடை, நேரம். பகலெல்லாம் கூலி வேலை செய்பவர் காலை 10 மணி வகுப்புக்கு எப்படி வருவார்? 1855-ல் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இரவுப் பள்ளியை புலே தம்பதி தொடங்கினார்கள். மாணவரைப் பள்ளி நேரத்துக்கு வரச்சொல்வதற்குப் பதிலாக, பள்ளி நேரத்தை மாணவருக்காக மாற்றினார்கள்.

நான்காவது தடை, பாடம். வேதமும் சாத்திரமும் யாருக்கு மறுக்கப்பட்டதோ, அவர்களுக்கு அதையே பாடமாக வைத்து என்ன பயன்? இவர்களுடைய பள்ளிகளில் கணக்கு, அறிவியல், சமூகப் பாடம் போன்றவற்றுக்கு இடம் இருந்தது. அன்றாட வாழ்க்கையில் கை கொடுக்கும் படிப்பு.

வீட்டைவிட்டு வெளியேறிய தம்பதி

இதற்கெல்லாம் விலை இருந்தது. ஊரின் நெருக்கடி தாங்காமல் ஜோதிராவின் தந்தை கோவிந்தராவ், பள்ளியை விடுங்கள் அல்லது வீட்டை விடுங்கள் என்ற நிலைக்கு வந்தார். 1849-ல் இருவரும் வீட்டைவிட்டு வெளியேறினார்கள்.

அவர்களுக்கு இடம் கொடுத்தவர், ஜோதிராவின் நண்பர் உஸ்மான் ஷேக் என்று வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்கிறார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபாத்திமா ஷேக், சாவித்ரிபாயுடன் சேர்ந்து பாடம் நடத்தினார். 1856-ல் உடல்நலம் சரியில்லாமல் பிறந்த ஊரில் தங்கியிருந்த சாவித்ரிபாய், கணவருக்கு எழுதிய கடிதத்தில் ஃபாத்திமாவை நினைவுகூர்கிறார். தான் இல்லாததால் வேலைச் சுமை முழுக்க ஃபாத்திமா மேல் விழுந்திருக்குமே என்ற கவலை அதில் தெரிகிறது. ஓர் ஆசிரியர் லீவு எடுத்தால் இன்னோர் ஆசிரியருக்கு என்ன ஆகும் என்பது எந்தக் காலத்து ஆசிரியருக்கும் புரியும் கவலைதான்.

1851, 1852 ஆண்டுகளில் புத்வார் பேட்டை, ராஸ்தா பேட்டை, வேதாள் பேட்டை என்று பெண்கள் பள்ளிகள் மூன்றானது. மகர், மாங் சமூகத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பள்ளிகள் தொடங்கின. மாணவிகளுக்குப் பொதுமக்கள் முன்னிலையில் தேர்வு நடந்தபோது, வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரண்டது. 1852 நவம்பரில் விஷ்ராம்பாக் வாடாவில் நடந்த அரசு விழாவில் புலே தம்பதியின் கல்விப் பணி பாராட்டப்பட்டது. எந்த ஊரில் சாணி எறிந்தார்களோ, அதே ஊரில்.

மூன்று ஆண்டு படித்த சிறுமி எழுதிய கட்டுரை

வகுப்பறை ஒரு பிள்ளையைச் சென்றடைந்ததா என்பதை எப்படி அளப்பது? வருகைப் பதிவேடு ஒரு வழி, தேர்வு மதிப்பெண் இன்னொரு வழி. புலே பள்ளி மாணவி முக்தா சால்வே மூன்றாவது ஒரு வழியைக் காட்டினார்.

முக்தா, மாங் சமூகத்துச் சிறுமி. சுமார் மூன்று ஆண்டுகள் படித்த பிறகு, மகர், மாங் மக்களின் துயரம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1855-ல் ஞானோதய் என்ற மராத்தி இதழில் வெளியானது. மதத்தின் பெயரால் தங்களை ஒதுக்குபவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் எழுத்து அது. பிரசவ நேரத்தில்கூடத் தங்கள் பெண்களுக்குத் தலைக்கு மேல் கூரை இல்லாத நிலையை அது பேசுகிறது. மராத்தி தலித் பெண் எழுத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் இன்றும் இந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

எழுத்தை மனப்பாடம் செய்த பிள்ளை இப்படி எழுதாது. தன் வாழ்க்கையைத் தன் சொற்களில் சொல்லும் அளவுக்கு அந்தச் சிறுமிக்கு மொழி கைவந்திருக்கிறது.

ஆசிரியையும் சும்மா இருக்கவில்லை. 1854-ல், 23 வயதில், காவ்ய புலே என்ற கவிதைத் தொகுப்பை சாவித்ரிபாய் வெளியிட்டார். படி, எழுந்து நில் என்று ஒடுக்கப்பட்டவர்களை அழைக்கும் கவிதைகள் அதில் உண்டு. ஆங்கிலக் கல்வியை வரவேற்கும் கவிதைகளும் உண்டு. யாருக்கு எந்த மொழி வாசலைத் திறக்கும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

பணம் நின்றால் பள்ளியும் நிற்கும்

இந்த இடத்தில் கதை சுபமாக முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். முடியவில்லை.

புலே பள்ளிகள் நன்கொடையிலும் அரசு உதவியிலும் ஓடின. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஐரோப்பியர்களின் நன்கொடை வற்றியது. அரசு ஆதரவும் தளர்ந்தது. பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடும் நிலை வந்தது. பிள்ளைகள் இருந்தார்கள், ஆசிரியர்கள் இருந்தார்கள், படிக்கும் ஆசையும் இருந்தது. மாதாமாதம் வரவேண்டிய பணம் மட்டும் இல்லை.

1882-ல் ஹன்டர் கல்வி ஆணையத்தின் முன் ஜோதிராவ் அளித்த சாட்சியம், இந்த அனுபவத்தின் தொடர்ச்சி. உழவர்களிடமிருந்து வரும் வரிப்பணம் மேல்தட்டினரின் உயர்கல்விக்குப் போகிறது, உழவர் பிள்ளைகளின் தொடக்கக் கல்விக்குப் போதுமான அளவு வருவதில்லை என்று அவர் வாதாடினார். 12 வயது வரையாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் கேட்டார். 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் நாட்டில் அமலுக்கு வந்தது 2010 ஏப்ரல் 1-ல். நடுவில் 128 ஆண்டுகள்!

வகுப்பறைக்கு வெளியே

சாவித்ரிபாயின் வேலை பள்ளியோடு முடியவில்லை. கணவனை இழந்த பெண்கள் கர்ப்பமானால் ஊருக்குப் பயந்து குழந்தையையோ தங்களையோ மாய்த்துக்கொள்ளும் நிலை இருந்தது. 1863-ல் அப்படிப்பட்டவர்கள் பாதுகாப்பாகப் பிரசவிக்க புலே தம்பதி ஓர் இல்லம் தொடங்கினார்கள். அங்கே வந்த காசிபாய் என்ற பெண்ணின் குழந்தையைத் தங்கள் பிள்ளையாகத் தத்தெடுத்தார்கள். அந்தப் பிள்ளை, யஷ்வந்த், பின்னாளில் மருத்துவரானார்.

1868-ல் தங்கள் வீட்டு நீர்நிலையைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1873 செப்டம்பர் 24 அன்று சத்தியசோதக் சமாஜ் உருவானது. 1877 பஞ்சத்தில் ஊர் ஊராகப் போய் நிவாரண வேலை பார்த்த சாவித்ரிபாய், அங்கிருந்து கணவருக்கு எழுதிய கடிதமும் இன்று கிடைக்கிறது.

1890 நவம்பர் 28 அன்று ஜோதிராவ் காலமானார். இறுதி ஊர்வலத்தில் கொள்ளிச்சட்டியை ஏந்தி முன்னால் நடந்தவர் சாவித்ரிபாய். ஆண்கள் மட்டுமே செய்யும் சடங்கு அது. பிறகு சத்தியசோதக் சமாஜ் பணிகளை அவரே முன்னின்று நடத்தினார். 1893-ல் சாஸ்வட்டில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

1897-ல் புனேவில் பிளேக் நோய் பரவியது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் சொந்தக்காரர்களே ஓடிய காலம். யஷ்வந்த் ஊருக்கு வெளியே சிகிச்சை நிலையம் திறந்தார். முண்ட்வாவில் நோய்வாய்ப்பட்டுக் கிடந்த ஒரு மகர் சமூகச் சிறுவனை, 66 வயதான சாவித்ரிபாய் தானே சுமந்து கொண்டுவந்து சேர்த்தார் என்று பதிவாகியிருக்கிறது. அந்த நோய் அவரையும் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று அவர் உயிர் பிரிந்தது.

சரி, இன்றைய வகுப்பறைக்கு இதில் என்ன இருக்கிறது?

சாவித்ரிபாயின் கையில் கணினி கிடையாது. ஆனால், கற்றலுக்கு உதவும் கருவி என்ற எண்ணம் அப்போதே உலகில் இருந்தது. பார்வையற்ற பிரெஞ்சு இளைஞர் லூயி பிரெயில், விரலால் தொட்டுப் படிக்கும் எழுத்து முறையை 1829-லேயே வெளியிட்டுவிட்டார். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் வந்தது. இன்று திரைவாசிப்பான் மென்பொருள் தமிழையும் மராத்தியையும் வாசிக்கிறது. பேச்சை எழுத்தாக மாற்றும் வசதி சாதாரண கைப்பேசியிலேயே இருக்கிறது. அச்சுப் புத்தகத்தைப் படிக்க முடியாதவர்களுக்காக சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016-ல் தொடங்கப்பட்டது.

அப்படியானால் சிக்கல் எங்கே? கருவி வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது இதை எல்லோரும் பார்த்தோம். வகுப்பு நடந்தது. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்றால் அந்த வகுப்பு யாருக்கு? ஆசிரியர் உதட்டைப் பார்த்துப் பாடம் புரிந்துகொள்ளும் செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு, சிறிய திரையில் மங்கலாகத் தெரியும் முகத்தால் என்ன பயன்?

புலே தம்பதி இதைத் தலைகீழாகச் செய்தார்கள். இந்தப் பிள்ளையை எது தடுக்கிறது என்று முதலில் பார்த்தார்கள். அதற்கு ஏற்ற உதவியைப் பிறகு தேடினார்கள். ஒருவருக்கு உதவித்தொகை, இன்னொருவருக்கு இரவு வகுப்பு. எல்லோருக்கும் ஒரே டேப்லெட் என்பது இதற்கு எதிர்த்திசை.

சட்டமும் இன்று இதைத்தான் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரிக்கும் குறைபாடுகள் 21 வகை. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை புத்தகங்கள், கற்றல் பொருள்கள், ஏற்ற உதவிக் கருவிகள் ஆகியவற்றை இலவசமாகக் கொடுக்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், எழுதுவதற்கு உதவியாளர் போன்ற மாற்றங்கள் உண்டு. பிரெயிலும் சைகை மொழியும் தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

பெற்றோராக நீங்கள் என்ன கேட்கலாம்?

உங்கள் பிள்ளையின் பள்ளியில் புதிய கருவி வந்திருக்கிறது என்றால் சந்தோஷப்படுங்கள். கூடவே சில கேள்விகளையும் கேளுங்கள். வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா? ஆசிரியருக்கு அதைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுத்தார்களா? அந்தக் கருவி பிள்ளையின் தாய்மொழியில் பேசுமா? அது பழுதானால் யார் சரிசெய்வார்கள், அடுத்த வருடம் அதற்குப் பணம் எங்கிருந்து வரும்?

கடைசிக் கேள்வியை ஒதுக்கிவிடாதீங்க. 1857-க்குப் பிறகு புனேயில் அந்தப் பள்ளிகளை மூட வைத்தது அதுதான். உங்கள் பிள்ளைக்கு எந்தச் சிரமமும் இல்லை என்றாலும், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காக இதைக் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் இருப்பது அதற்காகத்தான்.